டிஜிட்டல் மிக்ஸரில் ஃபேடும் மியூட்டும் தானாக நடக்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேடையில் 16 காலர் மைக். ஒரு வசனம் முடிந்து விளக்கு மாறும் அந்த ஒரு விநாடியில் 6 மைக்கை மூட வேண்டும், 4 மைக்கைத் திறக்க வேண்டும், பின்னணி இசையும் மெல்லக் கரைய வேண்டும். இரண்டு கையால் ஆகிற வேலை இல்லை இது. டிஜிட்டல் கன்சோலில் (மிக்ஸரில்) இதையெல்லாம் முன்பே பதிந்துவைத்து ஒரே பட்டனில் நடத்திவிடலாம்.

பதிவது சுலபம். எல்லாவற்றையும் வேண்டியபடி வைத்து 'ஸ்டோர்' அழுத்தினால் முடிந்தது. புதியவர்கள் இடறுவது வேறு இடத்தில்: நகர வேண்டியதோடு நகரக் கூடாததும் சேர்ந்து நகர்ந்துவிடுகிறது. நேற்று பதிந்த சீன் (கன்சோலின் சேமித்த நிலை), இன்று ஒலிச் சோதனையில் திருத்திய ஈக்யூவை (தொனித் திருத்தத்தை) அழித்துவிடும். மேடை மானிட்டரின் (நடிகர்கள் கேட்பதற்கான ஸ்பீக்கரின்) அளவை மாற்றிவிடும். அதனால் இங்கே பாதிப் பேச்சு எதை நகர்த்துவது என்பது. மீதிப் பாதி எதை நகர விடக் கூடாது என்பது.

எடுத்துக்காட்டுகள் பெஹ்ரிங்கர் எக்ஸ்32-ஐ ஒட்டியவை. மிடாஸ் எம்32-லும் இதே அமைப்புதான். யமஹா சிஎல், கியூஎல் வரிசை வேறுபடும் இடங்களில் அதையும் குறிப்பிட்டிருக்கிறோம். வேறு கன்சோல் என்றாலும் முறை இதுவே, பட்டன்களின் பெயர்தான் மாறும்.

எதைத் தானாக்கலாம், எதைக் கையில் வைக்கலாம்

முதலில் தானாக்க வேண்டியது மியூட், அதாவது மைக்கை முழுதாக மூடுவது. யார் மேடையில் இருக்கிறார்கள், யார் பேசப் போகிறார்கள் என்பது எழுதியிருக்கிற விஷயம். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் மாறாது. பேசாதவரின் மைக்கைத் திறந்து வைப்பதற்கு விலை உண்டு. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், ஃபீட்பேக் (ஸ்பீக்கர் ஒலி மைக்கில் திரும்ப ஏறுவதால் வரும் ஊளை) வருவதற்கு முன் உங்களுக்கு இருக்கும் இடைவெளி ஏறத்தாழ 3 டெசிபல் குறையும். 2 மைக்குக்குப் பதில் 16 திறந்திருந்தால் 9 டெசிபல் போச்சு. இரண்டு நடிகர்கள் நெருங்கி நின்றால் ஒருவர் குரல் இருவர் மைக்கிலும் சிறு தாமத வித்தியாசத்தோடு ஏறி, குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் மெலிந்து கேட்கும். அதை ஈக்யூ திருத்தாது. ஒரு மைக்கை மூடுவதுதான் மருந்து.

இரண்டாவது, தொடக்க அளவு. ஒரு காட்சி ஆரம்பிக்கும்போது ஃபேடர் (அளவை ஏற்றி இறக்கும் பிடி) எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பதிந்துவைக்கலாம். மூன்றாவது, நேரம் நிச்சயமான ஃபேட் (அளவு மெல்ல ஏறுவது அல்லது இறங்குவது): அறிமுக இசை கரைவது, பேச்சுக்குக் கீழே இசை தாழ்வது போன்றவை.

கையில் வைக்க வேண்டியது, அன்றன்று மாறுவது. பாடகர் இன்று எவ்வளவு உரக்கப் பாடுகிறார், கைத்தட்டல் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதெல்லாம் எந்தப் பதிவுக்கும் தெரியாது. குறித்த கட்டம் வந்ததும் சரியான மைக்குகள் திறந்து நிற்க, அளவை உங்கள் விரல் பார்த்துக்கொள்வதுதான் நல்ல ஏற்பாடு.

சில சொற்கள்

சீன் என்பது கன்சோலின் முழு நிலையையும் எடுத்த ஒரு படம். ஸ்னிப்பெட் அதிலிருந்து நீங்கள் தேர்ந்தெடுத்த சேனல்களையும் (ஒவ்வொரு மைக்கோ இசையோ கன்சோலுக்குள் வரும் வழி) அம்சங்களையும் மட்டும் கொண்ட துண்டு. கியூ என்பது வரிசை: இந்த எண்ணில் இந்த சீனையோ ஸ்னிப்பெட்டையோ கூப்பிடு என்னும் கட்டளை. எக்ஸ்32-ல் 100 சீன், 100 ஸ்னிப்பெட், 500 கியூ வரை வைக்கலாம். சில கன்சோல்களில் சீனுக்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர்.

டிசிஏ என்பது பல சேனல்களின் ஃபேடரை ஒன்றாக ஆளும் தலைமை ஃபேடர். அதன் வழியாக ஒலி எதுவும் போவதில்லை, உறுப்பினர் சேனல்களின் அளவை மட்டும் கூட்டிக் குறைக்கிறது. எக்ஸ்32-ல் 8 டிசிஏ, 6 மியூட் குரூப். மியூட் குரூப்பில் அளவு கிடையாது, மூடும் அல்லது திறக்கும்.

சேஃப் என்றால் கூப்பிட்டாலும் மாறாதது என்று பொருள். இங்கே ஒரு எச்சரிக்கை. சில கன்சோல்களில் நீங்கள் குறியிடுவது காக்கப்படும். வேறு சிலவற்றில் குறியிடுவது மட்டுமே மாறும். யமஹாவில் இரண்டு பக்கமும் உண்டு: 'ரீகால் சேஃப்' காக்கும், 'ஃபோகஸ்' மாற்றும். புதிய கன்சோலில் உட்கார்ந்ததும் ஒரு சேனலில் சோதித்துப் பார்த்த பிறகே மேலே போங்கள்.

மியூட் விளக்கிலும் இதே குழப்பம் உண்டு. எக்ஸ்32-ல் மியூட் பட்டன் ஒளிர்ந்தால் சேனல் மூடியிருக்கிறது. யமஹாவில் அந்த இடத்தில் 'ஆன்' பட்டன், ஒளிர்ந்தால் திறந்திருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய முதல் நாளில் கை தடுமாறும்.

ஃபேடரை இறக்குவதும் மியூட்டும் ஒன்றல்ல

ஃபேடரை அடிவரை இறக்கினால் பிரதான ஸ்பீக்கரில் சத்தம் நிற்கும். ஃபேடருக்கு முன்னிருந்து எடுக்கும் சென்ட்கள் (சேனலிலிருந்து வேறு இடத்துக்கு அனுப்பும் பிரதிகள்) நிற்காது. மேடை மானிட்டர் பெரும்பாலும் ஃபேடருக்கு முன்னிருந்துதான் போகிறது. அரங்கத்தில் அமைதி, மானிட்டரில் மட்டும் நடிகரின் பேச்சு என்று ஆகிவிடும். ஒலிப்பதிவுக்குத் தனி பஸ் (பல சேனல்கள் சேரும் வழி) கொடுத்திருந்தால் அதிலும் இப்படியே.

மியூட் பொதுவாக அந்த சென்ட்களையும் சேர்த்து மூடும். 'பொதுவாக' என்று சொல்லக் காரணம், சில கன்சோல்களில் இது அமைப்புப் பக்கத்தில் மாற்றக்கூடியது; டிசிஏ வழியாக வரும் மியூட்டும் சேனலின் சொந்த மியூட்டும் வேறுவேறாக நடந்துகொள்ளவும் கூடும். சோதிப்பது எளிது. ஒரு மைக்கை மானிட்டருக்கு ஃபேடருக்கு முன்னிருந்து அனுப்புங்கள். சேனல் மியூட், டிசிஏ மியூட், மியூட் குரூப் என்று மூன்றையும் ஒவ்வொன்றாக அழுத்தி மானிட்டரைக் கேளுங்கள். 2 நிமிட வேலை, ஆனால் பின்னால் வரும் எல்லா முடிவுக்கும் இதுதான் அடிப்படை.

ஆகவே ஒரு முழுமையான மூடல் இரண்டு படி கொண்டது: முதலில் ஃபேட், அது முடிந்ததும் மியூட். திறப்பது இதற்குத் தலைகீழ்: ஃபேடர் அடியில் இருக்கும்போதே மியூட்டை எடுத்து, பிறகு ஏற்றுவது. வரிசை மாறினால் ஃபேட் காதில் விழாது, வெட்டுதான் விழும். பேச்சு மைக்குக்கு ஃபேட் தேவையே இல்லை, மியூட் மட்டும் போதும். மெதுவாகத் திறக்கும் மைக் முதல் சொல்லை விழுங்கிவிடும்.

முதலில் தாள், பிறகு கன்சோல்

கன்சோலைத் தொடும் முன் கியூ தாள் எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டியவை: எண், எந்தச் சொல்லில் அல்லது அசைவில் அழுத்துவது, எந்த மைக்குகள் திறப்பு, எவை மூடல், எந்த ஃபேடர் எந்த அளவுக்கு, எத்தனை விநாடியில்.

ஒரு வரி இப்படி இருக்கும். கியூ 40. தாய் கதவைத் தாண்டும்போது. திறப்பு: 3, 7, 8. மூடல்: 1, 2, 5, 6. இசை 0-விலிருந்து -15 டெசிபலுக்கு, 3 விநாடியில். அடுத்தது: கியூ 50, "யார் அங்கே" என்னும் சொல்லுக்கு முன்.

எண்களை 10, 20, 30 என்று இடைவெளி விட்டுக் கொடுங்கள். ஒத்திகையில் நடுவே புதிய கியூ சேராமல் இருக்காது. 41 என்று நுழைக்க இடம் இருந்தால் முழுத் தாளையும் திருத்த வேண்டாம்.

'எதில் அழுத்துவது' என்ற கட்டம்தான் தாளிலேயே முக்கியமானது. மைக்கை முதல் சொல்லில் திறந்தால் தாமதம். பேசுபவர் அதற்கு முன் மூச்சு இழுக்கிறார்; அந்த மூச்சு கேட்டால்தான் பேச்சு இயல்பாக இருக்கும். ஏறத்தாழ அரை விநாடி முன்பே திறந்திருக்க வேண்டும். ஆகவே அழுத்தும் இடமாக, முந்தையவரின் கடைசிச் சொல்லுக்கு முந்திய சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடும்போது இந்த அவசரம் கிடையாது. கடைசி எழுத்து முழுதாக முடிந்து ஒரு விநாடி கழித்து மூடினாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

படிப்படியாகப் பதிவது

1. அடிப்படையை முடியுங்கள். எல்லா மைக்கின் கெயின் (முதல் பெருக்கம்), ஈக்யூ, கம்ப்ரெஸர் (உரத்த ஒலியை அடக்குவது), மானிட்டர் சென்ட், வழித்தடம் (எந்த உள்ளீடு எங்கே போகிறது என்பது) எல்லாம் ஒலிச் சோதனையில் உறுதியாகட்டும். பிரதான ஃபேடரைத் தவிர எல்லா மைக்கும் மியூட்டில் இருக்க, இதை முதல் சீனாகச் சேமித்து 'அடிப்படை' என்று பெயரிடுங்கள். எப்போது குழப்பம் வந்தாலும் திரும்பி வர இது ஒன்று வேண்டும்.

2. சேஃப்களைப் போடுங்கள். எக்ஸ்32-ல் சீன் பகுதியின் வியூ பட்டனை அழுத்தினால் சேஃப் பக்கங்களுக்குப் போகலாம். அம்சவாரியாக ஒரு பக்கம், சேனல்வாரியாக ஒரு பக்கம். ப்ரீஆம்ப், ஈக்யூ, கேட்-கம்ப்ரெஸர், பஸ் சென்ட், வழித்தடம் ஆகிய எல்லாவற்றையும் காத்துவிடுங்கள். ஃபேடரும் மியூட்டும் மட்டும் மாறக் கிடைக்கட்டும். டிசிஏ உறுப்பினர்களை கியூவுக்கு கியூ மாற்றப் போகிறீர்கள் என்றால் குரூப் அம்சத்தையும் திறந்துவிடுங்கள்.

ப்ரீஆம்பை (கெயினும் மைக்குக்கான மின்சாரமும் உள்ள பகுதியை) காப்பது மிகமிக அவசியம். கெயின் தாவினால் ஃபீட்பேக். 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரம் நடுநிகழ்ச்சியில் மாறினால் ஸ்பீக்கரில் 'டப்' என்று இடி விழும். அந்த மைக் மீண்டும் நிலைபெறச் சில விநாடிகள் பிடிக்கும்.

3. சேனல்வாரி சேஃபில், ஆட்டோமேஷனுக்குச் சம்பந்தமே இல்லாதவற்றைத் தள்ளிவையுங்கள். மேடை நிர்வாகியின் பேச்சு மைக், அறிவிப்பு மைக், அரங்கத்துக்குப் பாட்டு விடும் கணினி, பிரதான ஃபேடர். எந்த கியூவும் இவற்றைத் தொடக் கூடாது.

4. டிசிஏ ஒதுக்குங்கள். ஆண் குரல், பெண் குரல், குழு, இசை, விளைவொலி என்று பிரிப்பது ஒரு முறை. நாடகத்தில் இன்னும் பயனுள்ள முறை, ஒவ்வொரு கியூவிலும் அப்போது பேசுபவர்களை மட்டும் டிசிஏ 1, 2, 3-க்குக் கொண்டுவருவது. 16 மைக்குகளைத் துழாவாமல், உங்கள் விரலுக்குக் கீழே அந்தக் காட்சிக்கு வேண்டிய மூன்று நான்கு ஃபேடர்கள் மட்டும் இருக்கும். பதிவது கூடுதல் வேலைதான். ஆனால் வசனத்துக்கு வசனம் கலக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை.

5. முதல் கியூவின் நிலையைக் கையால் அமையுங்கள். தாளைப் பார்த்து மியூட்களைப் போடுங்கள், எடுங்கள், ஃபேடர்களை வையுங்கள். சேமித்து, தாளில் உள்ள எண்ணையும் அடையாளச் சொல்லையும் பெயராகக் கொடுங்கள். 'சீன் 4' என்ற பெயர் இருட்டில் எதையும் சொல்லாது. '40 தாய் கதவு' சொல்லும்.

6. அடுத்த கியூவுக்கு முந்தையதைக் கூப்பிட்டு, அதிலிருந்து மாற்றிச் சேமியுங்கள். ஒவ்வொன்றையும் பூஜ்யத்திலிருந்து கட்டினால் எங்காவது ஒரு மைக் திறந்தபடி விட்டுப்போகும்.

7. சத்தமில்லாமல் ஓட்டிப் பாருங்கள். முதல் கியூவிலிருந்து கடைசிவரை 'கோ' அழுத்திக்கொண்டே மியூட் விளக்குகளைத் தாளோடு ஒப்பிடுங்கள். பிறகு நடுவிலிருந்து தொடங்கிப் பாருங்கள், பின்னோக்கியும் குதித்துப் பாருங்கள்.

சீன் வேண்டுமா, ஸ்னிப்பெட் வேண்டுமா

ஏழாவது படியில் நடுவிலிருந்து தொடங்கச் சொன்னது இந்தக் கேள்விக்காகத்தான். ஸ்னிப்பெட் தான் தொட்டதை மட்டும் மாற்றும். 3-ஐத் திற, 1-ஐ மூடு என்று பதிந்தால் மற்ற 14 மைக்கும் அதற்கு முன் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கும். முதலிலிருந்து வரிசையாகப் போனால் சிக்கலில்லை. இயக்குநர் "இரண்டாம் பாகத்திலிருந்து ஆரம்பிக்கலாம்" என்று சொன்ன நொடியில் எந்த மைக் எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சீனில் அந்தப் பிரச்சினை இல்லை. எங்கிருந்து குதித்தாலும் எல்லா மைக்கின் மியூட்டும் சரியாக வந்து உட்காரும். பதிலுக்கு, நீங்கள் கையால் திருத்திய ஃபேடரையும் சீன் பழைய இடத்துக்கு இழுத்துவிடும்.

எங்கள் பரிந்துரை: மியூட்டை ஒவ்வொரு கியூவிலும் எல்லா மைக்குக்கும் முழுதாகப் பதியுங்கள். ஃபேடரை, அந்த கியூவில் உண்மையிலேயே நகர வேண்டிய சேனலுக்கு மட்டும் பதியுங்கள். எக்ஸ்32-ல் இதைச் செய்யும் வழி, கியூவுக்கு ஒரு சீனும் அதோடு ஒரு ஸ்னிப்பெட்டும் இணைப்பது. சீனில் மியூட் மட்டும் போக, இரண்டாம் படியில் திறந்துவிட்ட ஃபேடரும் இப்போது சேஃபில் இருக்கட்டும். ஸ்னிப்பெட்டில் இசை சேனலின் ஃபேடர் மட்டும். இந்த இணைப்பில் சேஃப் அமைப்பு ஸ்னிப்பெட்டையும் தடுக்கிறதா என்று உங்கள் கன்சோலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தடுத்தால், எல்லா மைக்கின் மியூட்டும் இசையின் ஃபேடரும் சேர்ந்த ஸ்னிப்பெட்டாகவே பதிந்துவிடலாம், பலன் ஒன்றுதான்.

ஃபேட் காதில் எப்படி விழுகிறது

யமஹா சிஎல், கியூஎல் கன்சோல்களில் ஒவ்வொரு சீனுக்கும் ஃபேட் நேரம் கொடுக்கலாம், அதிகபட்சம் 60 விநாடி. எந்தச் சேனல் மெல்ல நகர வேண்டும், எது உடனே தாவ வேண்டும் என்றும் தேர்ந்தெடுக்கலாம். டிஜிகோவின் ஸ்னாப்ஷாட்களிலும் இந்த வசதி உண்டு. எக்ஸ்32-ல் இல்லை. சீனைக் கூப்பிட்டால் ஃபேடர் அந்த நொடியே புது இடத்துக்குத் தாவும். அங்கே ஃபேட் வேண்டுமென்றால் வெளியிலிருந்து செய்ய வேண்டும். அதற்கு அடுத்து வருகிறோம்.

எந்த வழியாக இருந்தாலும் '6 விநாடி ஃபேட்' என்று எழுதிவிட்டால் 6 விநாடி கேட்கும் என்று நினைக்க வேண்டாம். எக்ஸ்32-ன் ஃபேடர் அளவுகோலை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபேடரின் முழுப் பயணம் 0 முதல் 1 வரை. உச்சியில் 1 என்பது +10 டெசிபல், 0.75 என்பது 0 டெசிபல், 0.5 என்பது -10, 0.25 என்பது -30, 0.0625 என்பது -60. அதற்குக் கீழே -90 வரை இறங்கி, 0-வில் மௌனம்.

0 டெசிபலில் உள்ள இசையை 6 விநாடியில் ஃபேடரைச் சீரான வேகத்தில் இறக்கி மூடுகிறீர்கள். 2-ஆம் விநாடியில் -10, 4-ஆம் விநாடியில் -30, 5.5-ஆம் விநாடியில் -60. 10 டெசிபல் குறைந்தால் காதுக்கு ஏறத்தாழ பாதிச் சத்தமாகத் தோன்றும். ஆக முதல் 2 விநாடியில் பாதி. இசை அரங்கத்தின் இரைச்சலைவிட 35 டெசிபல் மேலே இருந்தது என்று வைத்துக்கொண்டால், -35-ஐத் தொடும் 4.25-ஆவது விநாடியில் அது இரைச்சலில் மூழ்கிவிடும். மீதி நேரம் ஃபேடர் யாருக்கும் கேட்காமல் இறங்குகிறது. பார்வையாளர் காதில் 5 விநாடி வேண்டுமென்றால் நீங்கள் எழுத வேண்டியது 7.

ஃபேடரின் பயணத்தைச் சீராக இறக்காமல், மின்னழுத்தத்தைச் சீராகக் குறைக்கும் வளைவும் சில மென்பொருள்களில் உண்டு. அதே 6 விநாடியில், பாதி நேரம் போன பிறகும் வெறும் 6 டெசிபல்தான் குறைந்திருக்கும்; 5.4-ஆம் விநாடியில் -20, கடைசி 0.6 விநாடிக்குள் அங்கிருந்து மௌனம். கேட்பவருக்கு இசை குறையவே இல்லாமல் திடீரென்று அறுந்ததுபோல் இருக்கும். டெசிபலைச் சீராகக் குறைத்து -90 வரை போனால் நேரெதிர்: 2-ஆம் விநாடியிலேயே -30. கரைவதற்கு ஃபேடர் பயணத்தைச் சீராக இறக்கும் வளைவே பெரும்பாலும் சரியாக அமையும்.

ஏறும் ஃபேட்டில் இதே கணக்கு தலைகீழாக உதைக்கும். அடியிலிருந்து 6 விநாடியில் 0 டெசிபலுக்கு ஏற்றினால் முதல் 2 விநாடி -30-க்குக் கீழேயே கழிகிறது. மேடையில் நடனக் கலைஞர் இசைக்காகக் காத்து நிற்பார். அதற்கு இரண்டு வழி: கியூவை ஒன்றரை விநாடி முன்னதாக அழுத்துவது, அல்லது மியூட்டில் இருக்கும்போதே ஃபேடரை -30-க்குக் கொண்டுவந்துவிட்டு, திறந்து, அங்கிருந்து ஏற்றுவது.

பேச்சுக்குக் கீழே இசையைத் தாழ்த்த 12 முதல் 18 டெசிபல் குறைத்தால் போதும். 2 அல்லது 3 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு தொடங்கும் முன் தாழ்ந்து முடிந்திருக்க வேண்டும்.

சேனலின் ஃபேடரை விட டிசிஏவுக்கு ஃபேட் எழுதுவது பல நேரம் நல்லது. இசைக்குழுவின் 12 சேனல்களுக்குள் உள்ள விகிதம் கலையாது. பதிய வேண்டியதும் ஒன்றுதான். ரிவெர்ப் (அரங்க எதிரொலி விளைவு) திரும்பி வரும் சேனலை அந்த டிசிஏவில் சேர்க்காமல் விடுங்கள். அப்போது இசை கரைந்த பிறகு ரிவெர்பின் வால் தானாகத் தேய்ந்து முடியும்.

வெளியிலிருந்து ஃபேட்: ஓஎஸ்சி

எக்ஸ்32 வலையிணைப்பு வழியாக ஓஎஸ்சி (ஒலிக் கருவிகளுக்குக் கணினி அனுப்பும் கட்டளை முறை) கட்டளைகளை ஏற்கும். மேக் கணினியில் ஓடும் கியூலேப் போன்ற ஷோ மென்பொருள்கள், ஒரு மதிப்பை நேரத்தோடு மெல்ல மாற்றி அனுப்பும். கன்சோலுக்கு அது ஒரு ஃபேட்.

கன்சோலையும் கணினியையும் ஈதர்நெட் கம்பியால் இணையுங்கள். இரண்டுக்கும் நிலையான முகவரி கொடுங்கள், உதாரணமாக 192.168.0.10, 192.168.0.20, மாஸ்க் 255.255.255.0. எக்ஸ்32 கேட்கும் போர்ட் 10023. அதே நிறுவனத்தின் எக்ஸ்ஆர்18 போன்ற சிறிய மிக்ஸர்களுக்கு 10024. வைஃபையில் ஃபேட் அனுப்ப வேண்டாம். இந்தக் கட்டளைகள் யூடிபி முறையில் போகின்றன. வழியில் ஒன்று தொலைந்தால் மறுபடி வராது. நடுவில் சில தொலைந்தால் ஃபேடர் சற்றே துள்ளும். கடைசிக் கட்டளை தொலைந்தால் இசை முழுதாக மூடாமல் நின்றுவிடும். அதனால் ஃபேட் முடிந்து 0.2 விநாடி கழித்து இறுதி மதிப்பைத் தனியாக ஒருமுறையும், பிறகு மியூட்டையும் அனுப்பும்படி வையுங்கள்.

விநாடிக்கு 30 கட்டளை போதும். 6 விநாடி ஃபேட்டுக்கு 180 படி. மேல் பகுதியில் ஒரு படிக்கு 0.17 டெசிபல்தான், காதுக்குத் தெரியாது.

எழுதும்போது வழக்கமாகப் பிழை வரும் நான்கு இடங்கள். முகவரியில் சேனல் எண் இரண்டு இலக்கம், 1 அல்ல, 01. ஆனால் டிசிஏ எண் ஒற்றை இலக்கம். ஃபேடர் மதிப்பு டெசிபல் அல்ல, 0 முதல் 1 வரையான தசம எண். -15 டெசிபலுக்கு 0.4375. வகை தசமமாக இருக்க வேண்டும், முழு எண்ணாகப் போனால் எதிர்பார்த்தது நடக்காது. மியூட்டுக்கு உள்ள கட்டளை உண்மையில் 'ஆன்' கட்டளை: 1 அனுப்பினால் சேனல் திறக்கும், 0 அனுப்பினால் மூடும். விளக்கின் பொருளுக்கு நேரெதிர்.

தொடக்க மதிப்பையும் கவனியுங்கள். மென்பொருளில் 0.75-லிருந்து 0 என்று எழுதியிருக்கிறீர்கள். நிகழ்ச்சியில் கையால் ஃபேடரை 0.68-க்கு இறக்கிவைத்திருந்தால், ஃபேட் தொடங்கும்போது முதலில் மேலே குதித்துவிட்டுத்தான் இறங்கும். கையால் தொடும் சேனலை ஃபேட் செய்யாதீர்கள். சேனலைக் கைக்கும் டிசிஏவை மென்பொருளுக்கும் விட்டுவிட்டால் இந்த மோதல் வராது.

மிடி

சீனைக் கூப்பிட மிடி (இசைக் கருவிகளுக்கிடையே கட்டளை அனுப்பும் முறை) நன்றாக உதவும்: ஒரு ப்ரோகிராம் சேஞ்ச் (எண்ணைச் சொல்லிக் கூப்பிடும் கட்டளை), இரண்டே பைட். எண்ணில் மட்டும் கவனம் தேவை. ஒரு கருவி 0 முதல் 127 என்றும் மற்றொன்று 1 முதல் 128 என்றும் எண்ணும். 'எப்போதும் அடுத்த சீன் வருகிறது' என்றால் காரணம் இதுதான். ஃபேட்டுக்கு மிடியை நம்பாதீர்கள். சாதாரண கண்ட்ரோல் சேஞ்சில் (ஒரு மதிப்பை மாற்றும் கட்டளையில்) 128 படிதான். எக்ஸ்32 அளவுகோலில் -30-க்குக் கீழே ஒரு படி 1 டெசிபலைத் தாண்டும். மெதுவான ஃபேட்டின் கடைசியில் படிக்கட்டு கேட்கும்.

கியூ இல்லாமலே தானாக

கலந்துரையாடல், கேள்வி நேரம் போன்றவற்றில் யார் எப்போது பேசுவார் என்று தாளில் எழுத முடியாது. அங்கே ஆட்டோமிக்ஸர் சரி. பேசுபவரின் மைக்கை உயர்த்தி மற்றவற்றைத் தாழ்த்தி, மொத்த அளவை நிலையாக வைக்கும். யமஹா சிஎல், கியூஎல் கன்சோல்களில் டான் டூகன் என்பவரின் ஆட்டோமிக்ஸ் முறை இருக்கிறது. எக்ஸ்32-ல் சேனல் 1 முதல் 8 வரை ஆட்டோமிக்ஸ் போடலாம். அந்த மைக்குகளை முதல் எட்டுக்குள் இணைக்க வேண்டும் என்பதை முன்பே திட்டமிடுங்கள்.

அறிவிப்பாளர் பேசும்போதெல்லாம் இசை தாழ வேண்டுமென்றால் டக்கர். எக்ஸ்32-ல் இசை சேனலின் கேட்டை (ஒலியின் அளவைப் பார்த்துத் தானாகத் திறந்து மூடும் பகுதியை) 'டக்' முறைக்கு மாற்றி, கீ சிக்னலாக (அதை இயக்கும் ஒலியாக) அறிவிப்பு மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ரேஞ்ச் (எவ்வளவு தாழ்வது) 12 டெசிபல், அட்டாக் (தாழும் நேரம்) 100 மில்லிவிநாடி, ஹோல்டு (தாழ்ந்தே காத்திருப்பது) 1500, ரிலீஸ் (திரும்ப ஏறுவது) 2000 என்று தொடங்குங்கள். ஹோல்டு குறைவாக இருந்தால் வாக்கியங்களுக்கு நடுவே இசை எழுந்து எழுந்து அடங்கும். இசை இரண்டு சேனலில் வந்தால் இரண்டிலும் ஒரே அமைப்பு வேண்டும்.

அடிக்கடி கெடும் இடங்கள்

ஒரு ஃபேட் முடியும் முன் அடுத்த கியூவை அழுத்தினால், ஒரே ஃபேடரை இரண்டு கட்டளைகள் இழுக்கும். மோட்டார் நடுங்கும், இறுதியில் எது நிற்கும் என்று சொல்ல முடியாது. அடுத்த கியூவின் தொடக்கத்தில் பழைய ஃபேட்டை நிறுத்தும் கட்டளையை வையுங்கள்.

'கோ'வை இருமுறை அழுத்துவது இன்னொன்று. ஷோ மென்பொருளில் இருமுறை அழுத்தலைத் தடுக்கும் நேரம் இருந்தால் அரை விநாடியாவது போடுங்கள்.

ஒத்திகையில் அளவைத் திருத்திவிட்டு, அந்த கியூவை மறுபடி சேமிக்க மறப்பதுதான் எல்லாவற்றிலும் அதிகம் நடப்பது. திருத்தியதும் அங்கேயே சேமியுங்கள். முந்தைய சீனின் மேல் சேமித்துவிடாமல், திரையில் எந்தப் பெயர் தேர்வாகியிருக்கிறது என்று படித்துவிட்டு அழுத்துங்கள்.

ஒரு நடிகரின் மைக் பழுதாகி வேறு சேனலுக்கு மாற்றினால் எல்லா கியூவிலும் அந்தச் சேனலின் மியூட் தவறாகிவிடும். மாற்று மைக்கைப் புதிய சேனலில் போடாமல், உள்ளீட்டு வழித்தடத்தில் பழைய சேனலுக்கே திருப்பிவிடுங்கள். கியூக்கள் அப்படியே வேலை செய்யும். வழித்தடம் சேஃபில் இருப்பதால் அடுத்த சீன் அதைக் கலைக்காது.

நிகழ்ச்சியின்போது தவறான கியூ போய்விட்டால்

முதலில் பேசுபவரின் மைக்கை மட்டும் கையால் திறந்துவிடுங்கள். பின்வாங்கும் பட்டனை உடனே அழுத்தினால் நடந்துகொண்டிருக்கும் ஃபேட்கள் மேலும் குழம்பும். குரல் கேட்கிறது என்று உறுதியானதும் தாளைப் பார்த்து, இப்போது இருக்க வேண்டிய கியூவை நேரடியாகத் தேர்ந்தெடுத்துக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு கியூவிலும் எல்லா மைக்கின் மியூட்டும் பதிந்திருந்தால் ஒரே அழுத்தில் மேடை சரியான நிலைக்கு வந்துவிடும்.

கணினி நின்றுபோனாலும் மியூட் சீன்கள் கன்சோலிலேயே இருக்கட்டும். கணினியிடம் ஃபேட்டை மட்டும் விடுங்கள். அப்போது இழப்பது அழகான கரைதல் மட்டுமே, அதை விரலால் செய்துகொள்ளலாம். ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் முழு ஷோவையும் யுஎஸ்பியில் தேதியிட்டு ஏற்றிவிடுங்கள், பழைய பிரதியின் மேல் எழுதாமல். ஷோ ஓடும் நாட்களில் கன்சோலின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வேண்டாம். புதுப்பித்தே ஆக வேண்டும் என்றால் அன்று முதல் கியூவிலிருந்து கடைசி கியூவரை மறுபடி ஓட்டிப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள்.